மூலப்பாடம் இல்லாத வண்டி: பழைய ஜீப்பின் மீட்டமைப்பும் பாலைப் பயணமும்

ஜெய்சால்மரிலிருந்து மேற்கே சாம் மணற்குன்றுகளுக்குச் செல்லும் சாலையில் குளிர்காலந்தோறும் பழைய ஜீப்புகளைக் காணலாம். கூரை நீக்கி, மங்கிய பச்சை வண்ணம் பூசி, முகப்பில் வெண்ணிற விண்மீன் தீட்டி, பின்புறம் 20 லிட்டர் எண்ணெய்க் கலன்களைக் கட்டிக்கொண்டு வரும் வண்டியைக் காண்பவர், அது இரண்டாம் உலகப் போரிலிருந்து நேரே வந்தது என்று எண்ணக்கூடும். ஆனால் இந்தியச் சாலைகளில் எஞ்சியிருக்கும் பழைய ஜீப்புகளுள் பெரும்பாலானவை போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் உருவானவை. வெண்ணிற விண்மீன் அமெரிக்கப் படையின் அடையாளம். அந்தப் படையில் ஒருநாளும் இருந்திராத வண்டி, அதன் அடையாளத்தைச் சுமந்து தார்ப் பாலையில் ஓடுகிறது.

இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வரலாற்று மாணவருக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய வண்டியொன்றை ‘மீட்டமைத்தல்’ என்றால் அதன் எந்தக் காலத்தை மீட்பது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளையா, படையில் இருந்த ஆண்டுகளையா, ஏலத்தில் விலைபோன பின் கிராமத்துச் சாலையில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடிய காலத்தையா? அதனைப் பாலைப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்தும்போது சேரும் புதிய உறுப்புகள் அந்த வரலாற்றைக் கெடுக்கின்றனவா, தொடர்கின்றனவா? இக்கேள்விகளுக்கு விடை காண, வண்டியின் வரலாற்றையும் பாலையில் வண்டியோட்டும் முறையின் வரலாற்றையும் முதலில் பிரித்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை, பிற்காலத்தில்தான் ஒன்றுசேர்ந்தன.

1. வண்டியின் பிறப்பு

1940ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கப் படைத்துறை இலகுவான நான்கு சக்கர இயக்க வண்டியொன்றைக் கேட்டது. முதல் மாதிரியை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறு நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று மாதிரியை ஒப்படைத்தது. பெருந்தொகையில் உற்பத்தி செய்யும் ஆற்றல் அந்நிறுவனத்திற்கு இல்லை என்று கருதிய படைத்துறை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களையும் களத்தில் இறக்கியது. முடிவில் வில்லிஸ் வடிவமைப்பே தரமாக ஏற்கப்பட்டது. ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. 2.2 லிட்டர், நான்கு உருளை, 60 குதிரைத்திறன் எஞ்சின். 80 அங்குலச் சக்கர இடைவெளி. கால் டன் சுமை. இவ்வளவே அதன் அடிப்படை.

இரு நிறுவனங்களின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது படைத்துறையின் கோரிக்கை. ஃபோர்டு நிறுவனம் தன் உறுப்புகளில், மரையாணிகளின் தலையில்கூட, தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. இன்று உலகெங்கும் மீட்டமைப்பாளர்கள் அந்த எழுத்துள்ள மரையாணிகளைத் தேடி அலைகின்றனர். ஆனால் களத்தில் இருந்த பட்டறைக்காரருக்கு அந்த எழுத்து ஒரு பொருட்டன்று. வில்லிஸ் வண்டியில் ஃபோர்டின் அச்சு ஏறியது; ஃபோர்டு சட்டகத்தில் வில்லிஸ் எஞ்சின் அமர்ந்தது. அப்படிக் கலந்துபோவதற்காகவே வடிவமைக்கப்பட்ட வண்டி அது. எல்லா உறுப்பும் ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் உருவானவையாக இருக்க வேண்டும் என்னும் ‘தூய’ ஜீப், போர்க்களத்தின் இயல்புக்கு மாறானது. பிற்காலச் சேகரிப்பாளரின் கற்பனை.

2. முறையின் பிறப்பு

பாலையில் மோட்டார் வண்டியோடு சென்று தங்கி மீளும் முறை, ஜீப்புக்கு முந்தியது. முதல் உலகப் போரின்போதே எகிப்தின் மேற்குப் பாலையில் பிரித்தானியரின் இலகு வண்டிக் காவற்பிரிவுகள் ஃபோர்டு மாடல் டி கார்களில் சுற்றின. 1920களில் எகிப்திய இளவரசர் கமால் எல் தின் சிட்ரோன் நிறுவனத்தின் சங்கிலிப்பட்டை வண்டிகளில் லிபியப் பாலையின் உட்பகுதிக்குச் சென்றார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் கெய்ரோவில் பணிபுரிந்த படைத்துறைச் செய்தித்தொடர்புப் பிரிவு அதிகாரி ரால்ஃப் பேக்னால்டும் நண்பர்களும் விடுமுறை நாள்களில், சொந்தச் செலவில், முதலில் மாடல் டி, பின்னர் மாடல் ஏ ஃபோர்டுகளில் மணற்கடலுக்குள் புகுந்தனர். அவர்களுடைய வண்டிகளில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கின. நான்கு சக்கர இயக்கம் அவர்களுக்குக் கிட்டாத வசதி.

அக்குறையை அவர்கள் முறையால் ஈடுசெய்தனர். கார்களின் உடற்பகுதியைக் கழற்றி எடையைக் குறைத்தனர். மணலில் டயரின் காற்றைக் குறைத்தனர்; காற்று குறைந்த டயர் பரந்து படிவதால், அதே எடை அகன்ற பரப்பில் பரவி, சக்கரம் புதைவது தடைப்படும். புதைந்த சக்கரத்தை மீட்க நீண்ட எஃகுத் தகடுகளைச் சக்கரத்தின் முன் இட்டனர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடுவதற்கென்று செய்யப்பட்டு, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில் கிடந்த தகடுகள் அவை. எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியைக் குழாய் வழியே ஒரு நீர்க்கலனுக்குள் செலுத்தினர். அங்கே ஆவி குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறும்போது உண்டாகும் வெற்றிடம் அந்த நீரை மீண்டும் ரேடியேட்டருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துளி நீரும் உயிருக்குச் சமமான இடத்தில் இது பெரும் கண்டுபிடிப்பு. இன்றைய கார்களில் காணும் குளிர்நீர் மீட்புக் கலன் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பியதால், நிழலைக் கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியைப் பேக்னால்டு செம்மைப்படுத்தினார்.

பேக்னால்டுக்கு அரச புவியியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1940 ஜூலையில் அவரே கெய்ரோவில் நெடுந்தொலைவுப் பாலைப் படையை அமைத்தார். முதல் வண்டிகள் எகிப்தில் விலைக்கு வாங்கியும் எகிப்தியப் படையிடமிருந்து பெற்றும் திரட்டிய ஷெவர்லே சரக்கு வண்டிகள். அவையும் பின்சக்கர இயக்கமே கொண்டவை. விடுமுறைக்கால முகாம் முறையே படைமுறையாயிற்று. இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகளிலிருந்து திரட்டிய வீரர்களைக் கொண்டு இந்திய நெடுந்தொலைவுப் பிரிவும் அமைக்கப்பட்டது. 1942இன் இறுதியில் அப்பிரிவு லிபியப் பாலையில் பணியாற்றியது. தார்ப் பாலையின் விளிம்பிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் சென்ற ஜாட், ராஜபுத்திர, சீக்கிய, முஸ்லிம் வீரர்கள் இம்முறையை அங்கே கையாண்டனர் என்பது இந்திய வரலாற்றெழுத்தில் போதிய கவனம் பெறாத செய்தி.

வண்டியும் முறையும் சந்தித்த ஆண்டு 1942. சிறப்பு வான்படைப் பிரிவினர் கையில் கிடைத்த ஜீப்பை உடனே மாற்றத் தொடங்கினர். காற்றோட்டம் பெருக முகப்புக் கம்பிகளை அறுத்தனர்; அதன் முன்னே நீராவி மீட்புக் கலனைப் பொருத்தினர்; பயன்பாட்டிலிருந்து விலக்கிய விமானங்களின் துப்பாக்கிகளை ஏற்றினர்; ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய, ஒழுகாத 20 லிட்டர் கலன்களை அடுக்கினர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் சிடி ஹனேஷ் விமானதளத்தைத் தாக்கிய ஜீப்புகளுள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது என்று சொல்லத்தக்க வண்டி எதுவும் இல்லை. பாலை ஜீப் என்பது தொடக்கத்திலேயே மாற்றப்பட்ட ஜீப்.

3. இந்தியாவில் பல பிறவிகள்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதற்பெரும் அரசியல் சர்ச்சைகளுள் ஒன்று, செப்பனிடப்பட்ட பழைய ஜீப்புகளைப் பற்றியதே. காஷ்மீர்ப் போருக்காக 1948இல் லண்டனிலிருந்த இந்தியத் தூதர் வி.கே. கிருஷ்ணமேனன் வழியே, புதுப்பித்த ஜீப்புகளுக்கு ஆணை தரப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகள் பயன்பாட்டுக்குத் தகுதியற்றவை என்று தெரியவந்தது. நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் பேசப்பட்ட இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக 1955 செப்டம்பரில் அரசு அறிவித்தது. அரசியல் ஒருபுறம் இருக்க, ‘செப்பனிடப்பட்டது’ என்னும் சொல்லுக்கு யார் பொருள் வரையறுப்பது என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய நிறுவனத்தின் பங்காளி குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் நிறுவனத்திலிருந்து பிரித்த நிலையில் வந்த பாகங்களைப் பம்பாயில் பொருத்துவதில் தொடங்கி, படிப்படியாக ஜீப் இந்திய உற்பத்தியாயிற்று. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் டீசல் எஞ்சின் ஏறியது. காவல்துறை, வனத்துறை, வேளாண்துறை, தேர்தல் பணி என்று அரசின் கை எட்டிய இடமெல்லாம் ஜீப் சென்றது. ஜபல்பூரிலுள்ள படைக்கல வாகனத் தொழிற்சாலை நிசான் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று உருவாக்கியது. ஜபல்பூர் படைக்கல உற்பத்தி அமைப்பின் ஆங்கிலப் பெயரில் வரும் முதலெழுத்துகளால் ‘ஜோங்கா’ எனப்பட்ட அவ்வண்டி, ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு உருளை பெட்ரோல் எஞ்சினோடு நூற்றாண்டின் இறுதிவரை இந்தியப் படையில் இருந்தது.

தார்ப் பாலையில் ஜீப்பின் புகழ்பெற்ற நாள் 1971 டிசம்பர் 4-5 நள்ளிரவு. லோங்கேவாலா காவல்முனையில் 23 பஞ்சாப் படைப்பிரிவின் சுமார் 120 வீரர்களிடம் இருந்த கனரக டாங்கி எதிர்ப்புக் கருவி, ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி. எதிரே வந்த டாங்கிகளுள் பல மென்மணலில் சிக்கின. விடிந்தபின் ஜெய்சால்மரிலிருந்து பறந்த ஹண்டர் விமானங்கள் அவற்றைத் தாக்கின. வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களில் டாங்கிகள் வட்டமிட்டு அலைந்த தடங்கள் மணலில் தெளிவாகத் தெரிகின்றன. மணலை அறியாத கனம், மணலிலேயே தோற்றது என்பதற்கு அந்தப் படங்கள் சான்று.

படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. இங்கே தொடங்கும் இயல்தான் ஜீப்பின் வரலாற்றில் மிக நீண்டதும் மிகக் குறைவாக எழுதப்பட்டதும் ஆகும். டெல்லி மாயாபுரியின் பழைய உறுப்புச் சந்தை, பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானாவின் டப்வாலி நகரப் பட்டறைகள் போன்ற இடங்களில் மூன்று வண்டிகளின் உறுப்புகள் சேர்ந்து ஒரு வண்டியாயின. பெட்ரோல் குடிக்கும் ஜோங்காவுக்கு வேறொரு டீசல் எஞ்சின் பொருத்தினர். ராஜஸ்தானத்தில் பேருந்து செல்லாத ஊர்களுக்கு ஜீப்பே பேருந்தாயிற்று. உடற்பகுதியை நீட்டி, பலகை அடித்து, பக்கப்படியிலும் கூரையிலும் மக்களை ஏற்றிச் சென்றது. தெற்கே கம்பம், போடி பகுதியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வதும் ஜீப்தான். பாலையிலும் மலையிலும் சாலைக்கு அப்பால் வாழ்ந்த எளிய மக்களின் நவீனத்துவ அனுபவத்தில் இவ்வண்டிக்குப் பெரும்பங்கு உண்டு. போர் வரலாற்றில் அதற்கு ஓர் இரவு; மக்கள் வரலாற்றில் அரை நூற்றாண்டு.

4. பட்டறையின் கணக்கு

இன்று ஒருவர் அப்படிப்பட்ட வண்டியை வாங்கி, தார்ப் பாலையில் சில நாள் தங்கிவர ஆயத்தப்படுத்துகிறார் என்று கொள்வோம். அவர் முதலில் எதிர்கொள்வது எடைக் கணக்கு. ஜீப்பின் கால் டன் சுமை ஏறத்தாழ 230 முதல் 250 கிலோ. இருவர் அமர்ந்தால் 140 கிலோ போகும். நான்கு நாளைக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் 40 லிட்டர் குடிநீர், 40 கிலோ. ஒரு கலன் எரிபொருள் கலனோடு 20 கிலோ. மிஞ்சிய 50 கிலோவுக்குள் கூடாரம், உணவு, கருவிகள், மாற்று டியூப், காற்றடிப்பான், மண்வெட்டி, மணற்பலகை எல்லாம் அடங்க வேண்டும். அங்காடியில் விற்கும் கூரைக் கூடாரமும் இரும்புத் தாங்கியும் ஏற்றினால் இக்கணக்கு உடையும். எடை மேலேறுவதால் குன்றுச் சரிவில் வண்டி கவிழும் இடர் கூடும். பேக்னால்டு உடற்பகுதியைக் கழற்றிய காரணம் இன்றும் மாறவில்லை.

அடுத்தது வெப்பம். 2016 மே 19 அன்று ராஜஸ்தானத்தின் பலோடியில் 51 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. குளிர்காலத்தில் சென்றாலும், கீழ் கியரில் மெல்ல மணலேறும் வண்டிக்கு எதிர்க்காற்றின் உதவி இல்லை. பல்லாண்டு உப்புநீர் ஊற்றிய ரேடியேட்டரின் உட்குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். அதைப் பிரித்துப் புதுக் கூடு வைப்பதும், மீட்புக் கலன் பொருத்துவதும் முதற்பணி. கார்புரேட்டர் வண்டிகளில் எரிபொருள் குழாய் புகைபோக்கிக்கு அருகே சென்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். குழாயின் வழியை மாற்ற வேண்டும். போர்க்கால ஜீப்பின் 6 வோல்ட் மின்சுற்று இன்றைய விளக்குக்கும் தொடர்புக் கருவிக்கும் போதாது; 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். டியூப் உள்ள டயரில் காற்றை மிகக் குறைத்தால், டயர் விளிம்பில் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். ஆகவே எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு.

இந்த ஒவ்வொரு முடிவும் இரண்டு கடமைகளுக்கு இடையே எடுக்கப்படுவது. மின்சுற்றை மாற்றினால் பழைய மானிகள் பயனற்றுப் போகும். பட்டறைக்காரர் எண்பதுகளில் பற்றவைத்த நீட்டிப்புச் சட்டத்தை அறுத்தால் எடை குறையும். ஆனால் அவ்வண்டி மக்களைச் சுமந்ததற்கு எஞ்சிய ஒரே சான்று மறையும். பல அடுக்கு வண்ணத்தைச் சுரண்டினால் துருவைக் காணலாம். அதோடு ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் உதிரும்.

5. சட்டமும் தூய்மையும்

இந்த முரணைச் சட்டம் கூர்மையாக்குகிறது. 2021இல் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளை வகுத்தது. 50 ஆண்டுகளைக் கடந்ததும், சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றமின்றி மூல வடிவில் பேணப்பட்டதுமான வண்டியே அத்தகுதி பெறும். அப்படிப் பதிவு பெற்ற வண்டியை வழக்கமான போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, ஆய்வு, பழைய வண்டிகளின் அணிவகுப்பு போன்றவற்றுக்கே அனுமதி. மறுபுறம், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது. சாலைப் பாதுகாப்பை நோக்கின் இவ்விதிகளுக்கு நியாயம் உண்டு. ஆனால் இவற்றின் அடியில் ஒரு வரலாற்றுக் கருத்தும் இருக்கிறது: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளே வண்டியின் உண்மை, அதன்பின் நிகழ்ந்தவை எல்லாம் பிழை.

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் உருவாக்கிய டுரின் சாசனம் இதிலிருந்து வேறுபடுகிறது. கட்டடப் பாதுகாப்பு பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, வண்டியின் வாழ்நாளில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்றும், புதிதாகச் செய்வன அடையாளம் காணத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்றும் அது கொள்கிறது. லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இன்னும் ஒருபடி செல்கிறது. நெடுந்தொலைவுப் பாலைப் படையின் ஷெவர்லே வண்டியொன்று 1980இல் லிபியப் பாலையில் மீட்கப்பட்டது. துருவும் சிதைவுமாக, கிடைத்தபடியே அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்கு வண்ணம் பூசியிருந்தால் வண்டி கிடைத்திருக்கும். அதன் நாற்பது ஆண்டுப் பாலை வாழ்வு போயிருக்கும்.

இக்கேள்வி இந்தியச் சிந்தனைக்குப் புதிதன்று. பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா நூலில், பிக்கு நாகசேனர் அரசன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றியே வினவுகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று உறுப்புறுப்பாகக் கேட்டு, எந்த உறுப்பும் தேரன்று, உறுப்புகள் சேர்ந்த நிலைக்கு வழங்கும் பெயரே தேர் என்னும் முடிவுக்கு அரசனை இட்டுச் செல்கிறார். மாயாபுரியில் மூன்று வண்டிகளின் உறுப்புகளால் ஆன ஜீப்புக்கு இதைவிடப் பொருத்தமான தத்துவம் இல்லை.

6. வெறுமையற்ற பாலை

இன்னொரு மரபுரிமையும் பாலைப் பயணத்தோடு சேர்ந்தே வந்தது. பேக்னால்டு 1935இல் வெளியிட்ட பயணநூலின் துணைத்தலைப்பு, பாலையை மாண்ட உலகம் என்று குறித்தது. மழையே காணாத லிபிய மணற்கடலின் உட்பகுதிக்கு அச்சொல் ஒருவாறு பொருந்தலாம். தார்ப் பாலைக்குச் சிறிதும் பொருந்தாது. உலகப் பாலைகளுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வது தார் என்று கருதப்படுகிறது. குன்றுகளுக்கு இடையே சேவண் புல்வெளிகள், வன்னி மரங்கள், ஊரார் காத்துவரும் ‘ஓரண்’ எனும் புனிதக் காடுகள், மேய்ச்சல் வழிகள் உள்ளன. 1980இல் அமைந்த பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அழிவின் விளிம்பிலுள்ள கானமயிலின் கடைசிப் புகலிடம் ஜெய்சால்மர்ப் பகுதியே. கானமயில் தரையில் முட்டையிடும் பறவை. வெற்றிடம் என்று எண்ணிப் புல்வெளியில் வண்டியை விடுபவர், தம்மை அறியாமலே அதன் கூட்டின் மீது செல்லக்கூடும்.

மணலில் செல்லும் நுட்பமும் வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. ராஜஸ்தானத்தின் ஒட்டக வண்டிகள் கழிக்கப்பட்ட விமானச் சக்கர டயர்களில் ஓடுகின்றன. அகன்ற, காற்றடைத்த டயர் மணலில் புதையாது என்பதைச் சூத்திரம் எதுவும் எழுதாமல் கண்டவர்கள் அவ்வண்டிக்காரர்கள். பேக்னால்டின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஒட்டக வண்டிக்கு முதன்முதலில் விமான டயரைப் பொருத்தியவரின் பெயரைக் கேட்டு எழுதியவர் இல்லை. வரலாற்றெழுத்தின் இந்த ஏற்றத்தாழ்வு, மீட்டமைப்பிலும் அப்படியே பிரதியாகிறது. அமெரிக்க விண்மீன் தீட்டப்படுகிறது; டப்வாலிப் பட்டறைக்காரரின் பற்றவைப்பு அறுத்தெறியப்படுகிறது.

7. பாடபேதம்

தமிழ்ப் பதிப்பு மரபில் இதற்கு ஒரு வழிகாட்டுதல் உண்டு. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்த ஏடுகள் பலர் படியெடுத்தவை, சிதைந்தவை, ஒன்றோடொன்று மாறுபட்டவை. ஆசிரியர் கைப்பட எழுதிய மூல ஏடு எவருக்கும் கிட்டவில்லை. அவர்கள் ஒரு பாடத்தைத் தெரிந்து அச்சிட்டனர். படிக்கத்தக்க நூல் வேண்டுமெனின் தெரிவு தவிர்க்க முடியாதது. ஆனால் விலக்கிய பாடங்களை எரித்துவிடவில்லை. பாடபேதங்களாக அடிக்குறிப்பில் தந்தனர். பின்வரும் ஒருவர் தம் தெரிவை மறுக்கக் கூடும் என்பதற்கு அவர்கள் இடம்விட்டு வைத்தனர்.

பாலைப் பயணத்திற்கு வண்டியை ஆயத்தப்படுத்துபவரும் தெரிவு செய்தே ஆக வேண்டும். அடைபட்ட ரேடியேட்டரோடும் தேய்ந்த தடுப்பானோடும் பாலைக்குள் செல்வது வரலாற்றுணர்வு ஆகாது, அறியாமை. மாற்றுவது குற்றமில்லை, தடயமின்றி மாற்றுவதுதான் இழப்பு. கழற்றுமுன் ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்தல், சுரண்டுமுன் எழுத்துகளைப் படித்துக் குறித்தல், நீக்கிய உறுப்புகளை எங்கிருந்து எடுத்தவை என்ற சீட்டோடு பாதுகாத்தல், புதிய உறுப்பை மீண்டும் கழற்றத்தக்கவாறு பொருத்துதல், முந்தைய உரிமையாளர்களையும் ஓட்டுநர்களையும் பட்டறைக்காரர்களையும் தேடிச் சென்று கேட்டு எழுதுதல் ஆகியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. பின்னதைச் செய்வதற்கான காலம் மட்டும் குறுகிவருகிறது. கழிவு ஜீப்புகளை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கையால் உயிர்ப்பித்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களின் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை.

பல்கலைக்கழகங்களில் நவீன இந்தியப் பொருள்சார் பண்பாட்டை ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இங்கே ஒரு களம் காத்திருக்கிறது. படை ஏலப் பதிவுகள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பழைய பதிவேடுகள், உறுப்புச் சந்தைகளின் வாய்மொழி வரலாறு ஆகிய மூன்றையும் இணைத்துப் படித்தால், ஒரே ஒரு ஜீப்பின் வாழ்க்கையிலிருந்து விடுதலைக்குப் பிந்தைய நாட்டுப்புற இந்தியாவின் வரலாற்றின் ஒரு பகுதியை எழுதிவிடலாம். அதற்கு அந்த ஜீப் தன் தழும்புகளோடு இருத்தல் வேண்டும்.

சாம் செல்லும் சாலையில் விண்மீன் தீட்டிய ஜீப்புகள் இனியும் செல்லும். அந்த விண்மீனுக்குக் கீழே, சுரண்டப்படாத ஒரு மூலையில், அவ்வண்டி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மக்களை ஏற்றிச் சென்றது என்னும் எழுத்து மீந்திருக்குமாயின், பாலைக்கு உண்மையில் திரும்பிச் செல்வது அந்த எழுத்துதான்.